வெள்ளிக்கிழமை ஒதுக்கல் மீன்

சபூறாவின் மூக்கைப் பகிடி பண்ணாத ஆள் அந்த மீன் வாடியில் கிடையாது. பெட்டியின் மூடியைத் திறக்க முன்னமே இது விடியப் பிடித்தது, இது நேற்றுப் பின்னேரம் பிடித்தது என்று சொல்லிவிடுவாள். சொன்னது பிழைத்ததும் இல்லை. நாற்பத்தாறு வயதில் பன்னிரண்டு வருடத்தை அவள் அந்த வாடியில், தராசுக்குப் பக்கத்து மேசையில் கழித்திருந்தாள். சாய்ந்தமருதில் பிறந்து, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, கடல் ஒரு தடவை வீட்டையே வாரிக்கொண்டு போன பிறகும் சாய்ந்தமருதிலேயே கிடந்தவள். புருஷன் கட்டாருக்குப் போனான். முதல் மூன்று வருடம் காசு வந்தது, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த மனிதனைப் பற்றி யாராவது கதை எடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள்.

வாடி அப்துல் ஹமீட் ஹாஜியாருடையது. கரையில் இறங்குகிற சூரை மீனை நிறுத்து, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, கொழும்பிலுள்ள ஏற்றுமதிக் கம்பனிக்கு லொறியில் அனுப்புவார்கள். மீன் வந்த நேரம், நிறை, ஐஸ் போட்ட நேரம், தரம் என்று கம்பனியின் பாரத் தாளை நிரப்புவது சபூறாவின் வேலை. மீனை விரலால் அமத்திப் பார்ப்பதும் அவள்தான். கண் கலங்கியது, வயிறு தொளதொளத்தது, மணம் மாறியது எல்லாம் தனிப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு ஒதுக்கல் என்று பெயர். கிழமை நாட்களில் ஒதுக்கலைக் கருவாடு போடுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

போன வருடம் ஹாஜியாரின் மருமகன் பஹ்மி வாடி நிர்வாகத்துக்கு வந்தான். கொழும்பில் முகாமைத்துவம் படித்தவன், வெள்ளைச் சேட்டு, மீனைத் தற்செயலாகத் தொட்டுவிட்டால் மூன்று தரம் கை கழுவுகிற சாதி. வந்த கிழமையே, கணக்குவழக்குப் பார்க்கும் கந்தோர்ச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை ஒன்றை அடித்து, கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போட்டான். அதற்கு ப்ரோஸஸ் என்று பெயர். மீன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதைப் பார்த்தாலே விளங்குமாம். மீன் கடலில் தொடங்குகிறது என்பது சபூறாவுக்குப் பலகை பார்க்காமலே தெரியும். ஆனால் பஹ்மியின் பலகையில் அது தராசில் தொடங்கியது.

நியாயமாகச் சொன்னால் பஹ்மி மொக்கன் இல்லை. அவன் வர முன்னம் மீன்பிடிப் போட்டுக்காரர்கள் தங்கள் பாட்டில் ஐஸ் அள்ளிக்கொண்டு போவார்கள். பாதி ஐஸ் மணலிலேயே கரைந்து போகும். இனிமேல் நிறுத்த பிறகுதான் ஐஸ் என்று சட்டம் போட்டான். மீன் வருகிறது, தராசில் ஏறுகிறது, பத்து நிமிடத்தில் ஐஸ் விழுகிறது. கொழும்புக் கம்பனிக்காரன் பாரத்தைப் பார்த்துவிட்டு, இலங்கையிலேயே இப்படி ஒரு வாடி இல்லை என்று மெசேஜ் அனுப்பினான். பஹ்மி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

பலகையில் நாளும் கிழமையும் கிடையாது. அதுதான் பிழை. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் தராசைப் பூட்டிவிட்டு ஹாஜியாரும் பஹ்மியும் ஐஸ் மெசினைப் பார்க்கிற றிஷாட்டும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர இரண்டு மணியாகும். அது ஊர் முழுக்க உள்ள வழக்கம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். முந்தி அந்த நேரத்துக்குப் போட்டுக்காரர்கள் ஐஸ் எடுத்துப் போட்டுவைப்பார்கள். இப்போது ஐஸுக்குப் பூட்டு. பாண்டிருப்புப் பாக்கியராசாவின் போட் விடியப்புறம் நாலு மணிக்குப் பிடித்த சூரையோடு பதினொன்றே முக்காலுக்குக் கரை தட்டினால், மீன் தறப்பாளுக்குக் கீழே மணலில் கிடக்கும். போட்டில் கொண்டுபோன ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருக்கும். தொழுகைக்கு மரியாதை கொடுத்து, பாக்கியராசா ஒரு சொல் கதைக்காமல் போட் நிழலில் குந்தியிருப்பார். இரண்டு மணிக்குத் தராசு திறக்கும். சபூறா எழுதுவாள்: வந்த நேரம் 2.05, ஐஸ் போட்ட நேரம் 2.15. பத்து நிமிடம். ஒரு எழுத்தும் பொய் இல்லை, மீன் மட்டும் நாறும்.

இன்னொரு கட்டத்தையும் பஹ்மி இடம் மாற்றியிருந்தான். ஹாஜியாரின் வாப்பா காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை முதல் இறங்கும் மீனில் ஒரு பெட்டி, தராசில் ஏற முன்னமே, ஊரிலுள்ள பெண்கள் அரபுக் கல்லூரி விடுதிக்கு ஸதகாவாக, தர்மமாகப் போகும். பஹ்மியின் பலகையில் அது முதல் கட்டத்திலேயே நட்டமாகத் தெரிந்தது. அழித்தான். அழித்துவிட்டுக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனான். ஒதுக்கலிலிருந்து ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் ‘ஸதகா’. எப்படியும் கழிகிற மீன், கருவாட்டுக்காரன் தருகிற சில்லறையை விட நன்மை பெரிது என்று மாமனாருக்கு விளக்கினான். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, அல்லாஹ் மனசிலுள்ள நிய்யத்தைத்தானே பார்க்கிறான் என்றார். சீ! சபூறாவுக்கு அந்த இடத்திலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

வந்த குமட்டலை விழுங்கிவிட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய ஒரே மகள் அப்றா அந்த விடுதியில்தான் இருந்து படித்தாள். இடம் கிடைத்தது ஹாஜியாரின் கடிதத்தால். அந்த மனுசனிடம் போய், நீங்கள் தர்மம் செய்கிற மீன் நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வது? நல்லாப் பொரித்தால் ஒன்றும் செய்யாது, கொறுக்காய்ப் புளி கூடப் போட்டால் சரி என்று ஊரில் எல்லோரும் சொல்வதை அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, அடுத்த முறை மகளைப் பார்க்கப் போன நேரம், வெள்ளிக்கிழமை மட்டும் மீன் சாப்பிடாதே மகள் என்று காதுக்குள் போட்டுவிட்டு வந்தாள். அப்றா உம்மா சொல் தட்டாதவள், ஏன் என்றும் கேட்கவில்லை.

எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜும்ஆ முடிந்து ஊரில் ஒரு பஞ்சாயத்து, ஆட்கள் வர இரண்டே முக்கால். பாக்கியராசாவின் சூரையில் பாதி ஒதுக்கலாகிவிட்டது. சபூறா விரலை வைத்த இடத்தில் குழி விழுந்தது, விழுந்த குழி மேலே வரவில்லை. இரண்டு பெட்டி விடுதிக்குப் போனது. அவள் பாரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

இராச்சாப்பாடு முடிந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லையாம். ஒரு பிள்ளை முகம் எரிகிறது என்றது. அடுத்த பிள்ளைக்கு மேலெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. பிறகு வயிற்றைப் புரட்டிக்கொண்டு சத்தி, தலையிடி, நெஞ்சு படபடப்பு. முப்பத்தொரு பிள்ளைகளை ஆட்டோக்களிலும் வேனிலும் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, இரண்டு நாளில் எல்லோரும் தப்பிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் ஒரு நஞ்சு ஊறும், அது அவித்தாலும் சாகாது பொரித்தாலும் சாகாது என்று டொக்டர் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார். சபூறாவும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றாள். அவளுடைய பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அப்றா சிநேகிதிகளின் சத்தியைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். உம்மாவைக் கண்டதும் நின்றாள்.

“உம்மா, இது கூடாத மீன் எண்டு ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?”

பதில் வர முன்னமே பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் சபூறாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கட மகள் தங்கமான பிள்ளை, ஒரு கண் நித்திரை கொள்ளாமல் பார்த்தாள் என்று அழுதாள். அந்தக் கையை உதறவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் சபூறா நின்றாள். பன்னிரண்டு வருட மீன் நாற்றத்தில் வராத அருவருப்பு அன்றைக்குத் தன் கையைப் பார்த்தே வந்தது.

திங்கட்கிழமை கந்தோரில் கூட்டம். பிழை எங்கே என்று கண்டுபிடித்து ப்ரோஸஸைத் திருத்தவேண்டுமாம். பஹ்மி பலகையைத் துடைத்து, அவரவர் வேலையை அவரவரே கீறிக் காட்டுங்கள் என்று எழுதுகோலை நீட்டினான். கூப்பிட்டது பாக்கியராசாவையும் றிஷாட்டையும். சபூறா குறிப்பெழுத.

பாக்கியராசா ஒரு போட், ஒரு கரை கீறினார். போட் மணலைத் தொட்டதும் கோடு நின்றது. அதற்கு அங்கால் வாடியின் பொறுப்பு, நான் உயிரோடு துடிக்கத் துடிக்கப் பிடித்த மீன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். றிஷாட் ஐஸ் மெசினிலிருந்து கீறினான். தராசுத் துண்டு வந்ததும் ஐஸ் கொட்டினேன், துண்டு வராமல் கொட்டக்கூடாது என்பது பஹ்மி சேரின் ஓடர் என்றான். பஹ்மியின் கோடு தராசில் தொடங்கி லொறியில் முடிந்தது, பத்து நிமிடத்துக்குச் சிவப்பு மையில் வட்டமும் போட்டான். ஹாஜியார் எழும்பவே இல்லை. கதிரையில் இருந்தபடியே, நன்மையை நாடிக் கொடுத்தது, ஆக்கிய பிள்ளைகள்தான் கவனமாக ஆக்கியிருக்கவேண்டும் என்றார். ஆளுக்கொரு படம், ஒவ்வொன்றிலும் கீறினவனின் கை பால் வெள்ளை. முப்பத்தொரு பிள்ளைகள் சத்தியெடுத்த மீன் பலகையில் எங்கேயும் நாறவில்லை. எட்டிப் பலகையிலேயே காறித் துப்பலாமா என்று சபூறாவுக்கு வந்தது.

துப்பவில்லை. பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பதினொண்டரையில இருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் அந்த மீன் ஆர்ட பொறுப்பு?”

பாக்கியராசா ஹாஜியாரைப் பார்த்தார், ஹாஜியார் மருமகனைப் பார்த்தார்.

“ராத்தா, நிறுக்காத மீன் எங்கட ப்ரோஸஸுக்குள்ள வராது,” என்றான் பஹ்மி. குரலில் கோபமில்லை. சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பொறுமை. அந்தப் பொறுமைதான் அவளுக்குக் கூடுதலாக அருவருத்தது.

வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவுக்குப் போக முன்னமே ஐஸை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போகலாம், இல்லாவிட்டால் சாவியைத் தந்தால் நானே அள்ளிக் கொடுப்பேன் என்று சபூறா சொன்னாள். பஹ்மி குறித்துக்கொண்டான். குறித்ததோடு சரி. கூட்டம் முடிந்து இரண்டாம் நாள், புதிய ப்ரோஸஸ் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக்கு மேலே தொங்கியது. பழையதிலிருந்து வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஸதகாக் கட்டத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. மீனை எடுத்துப்போக வருகிறவர் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திடவேண்டும். இனி எது நடந்தாலும் வாடியின் தலையில் விழாது.

வெட்கம் கெட்டவர்கள்! கொடுக்கிற மீனை மாற்ற யோசனை வரவில்லை, பொறுப்பைக் கைமாற்ற மட்டும் எவ்வளவு மூளை. சபூறா அந்தத் தாளை வாசித்துவிட்டு, அன்றைக்குக் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை பின்னேரம் விடுதிக்குப் போனாள். அப்றா வாசலடிக்கு வந்தாள், முகம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது தாய்க்கும் மகளுக்கும் தெரியும். நாளைக்கும் மீன் வருமா என்று அப்றா கேட்டாள். வரும் போலத்தான் இருக்கிறது, நீ வழமை போலச் சாப்பிடாமல் விடு என்றாள் சபூறா.

“இல்ல உம்மா. நாளைக்கு மத்தப் புள்ளைகள் சாப்பிட்டா நானும் சாப்பிடுவன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சபூறா கூப்பிட்டுப் பார்த்தாள். அப்றா திரும்பவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, சொன்னால் செய்கிற பிள்ளை. தகப்பனைப் போல நழுவுகிற சாதியில்லை அவள்.

வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்குத் தராசு பூட்டியது, ஐஸ் அறை பூட்டியது. சாவி விஷயத்தைக் குறித்துக்கொண்ட பஹ்மி மறந்துபோனான். ஞாபகப்படுத்தினபோது வந்து பார்ப்போம் ராத்தா என்று அத்தரைப் பூசிக்கொண்டு போனான். பாக்கியராசாவின் போட் பன்னிரண்டுக்கு வந்தது. மீன் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. சபூறா நடுப்பகல் ளுஹரை வாடியின் பின்னறையில் தொழுதாள், தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஆட்கள் இரண்டு பத்துக்கு வந்தார்கள். நிறுத்து, பிரித்து, ஒரு பெட்டி ஒதுக்கல். விரலை வைத்தாள், குழி விழுந்தது. விடுதிக்கு ஏற்றிப்போக வந்த ஆட்டோக்காரன் வாசலில் ஹோர்ன் அடித்தான். பஹ்மி புதிய தாளோடு எழும்பினான்.

வாடியின் மூலையில் தரை கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் தூள் வாளி கிடந்தது. சபூறா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பெட்டிக்கு மேலே கவிழ்த்தாள். கொஞ்சம் தூவவில்லை, வாளி முழுக்க. கையால் அள்ளி, மீனின் செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டியது. ஒருவனும் கிட்ட வரவில்லை.

“ஸதகாவுக்கு வெச்ச பொருளக் கெடுத்துப் போட்டியே புள்ள,” என்றார் ஹாஜியார். உண்மையாகவே அவருக்கு மனம் நொந்திருந்தது.

“ஹாஜியார், இதுல ஒரு மீன ஒங்கட ஊட்டுக்குக் குடுத்தனுப்பியிருந்தா ஆக்கியிருப்பீங்களா?”

ஹாஜியார் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு அப்பால் பார்த்தார். பஹ்மிதான் கதைத்தான். இதெல்லாம் கம்பனிக்குத் தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், நாளையிலிருந்து ராத்தா வரத் தேவையில்லை என்றான். சபூறா மேசைக்குப் போய் அன்றைய பாரத்தை எடுத்து, வந்த நேரம் என்ற இடத்தில் 2.10 ஐ வெட்டி 12.00 என்று எழுதினாள். பிடித்த நேரம் என்று ஒரு கட்டமே இல்லாததால் ஓரத்தில் விடியப்புறம் நாலு மணி என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பஹ்மி அந்தத் தாளை மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தான். கொழும்புக்கு அது போகாது என்று அவளுக்குத் தெரியும். போய்த்தான் என்ன, அங்கேயும் ஒருத்தன் தன் வாசலிலிருந்துதான் கோடு கீறிக்கொண்டிருப்பான்.

வேலை போனது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அதைவிடப் பாரமான ஒன்று மிச்சமிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு நேரே விடுதிக்கு நடந்தாள். விடுதிக்குப் பொறுப்பாக இருக்கும், மார்க்கம் படிப்பிக்கிற ஆலிமா குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தார். பெரிய பானையில் புளி கரைத்து வைத்திருந்தது தெரிந்தது. மீன் இன்னும் வரவில்லையே என்றார். இனி வராது என்றாள் சபூறா. அப்றாவும் அந்த நேரம் எதையோ எடுக்க வந்தவள், உம்மாவின் குரல் கேட்டுக் கதவடியில் நின்றுவிட்டாள். நின்றது நல்லதுதான், அவளும் கேட்கட்டும் என்று சபூறா நினைத்தாள்.

“ஆலிமா, அந்த மீன் கூடாதெண்டு எனக்கு எட்டு மாசமாத் தெரியும். நாந்தான் எழுதி அனுப்பினது. எண்ட மகளுக்கு மட்டும் சாப்பிடாத எண்டு சொன்னன், மத்தப் புள்ளைகளுக்குச் சொல்லல்ல.”

ஆலிமா ஏசுவார், வெளியே போ என்பார், மகளின் இடத்தையும் பறிப்பார். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். ஆலிமா ஏசவில்லை. தன் விரல் நகத்தைப் பார்த்தபடி மெல்லக் கதைத்தார்.

“அந்த மீன் எங்களுக்கும் மணந்ததுதான். குடுக்கிறவர்ர முகத்தப் பாத்து வேணாமெண்டு சொல்ல ஏலுமா? புளியக் கூடப் போட்டு ஆக்கினம். நாங்க ஓதிக்குடுக்கிற பெரியாக்கள் வெள்ளிக்கிழமையில முட்டைதான் சாப்பிடுற.”

ஆலிமாவைப் பார்க்கச் சபூறாவுக்கு அருவருப்பாக இருந்தது, அந்த அருவருப்பைப் படுவதற்குத் தனக்கு என்ன தகுதி என்று நினைக்க அதைவிட அருவருப்பாக இருந்தது. அப்றா கதவடியில் நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.